விடுதி மடிக்கணினிக்கு இணைப்பு: மூன்று வழிகளில் எது நல்லது?

மாணவர்களின் சொந்த மடிக்கணினிகளைக் கல்லூரி வலையமைப்பில் சேர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: கருவியின் வலையமைப்பு அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதிவு செய்தல், உலாவியில் திறக்கும் உள்நுழைவுப் பக்கம், இணையும் முன்பே ஆளைச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் என்னும் தரமுறை.

மேக் பதிவின் சிரமத்தை ஒரு கல்லூரியின் உதவி மையத்தில் பணியாற்றியபோது நேரில் கண்டேன். மாணவர்கள் விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று தட்டச்சு செய்து, திரையில் தெரியும் 12 எழுத்துகளைத் தாளில் எழுதி வருவார்கள். 8-ஐ 'பி' என்று எழுதியவரும், வைஃபைக்குப் பதிலாக ப்ளூடூத்தின் முகவரியை எழுதியவரும் மறுநாள் மீண்டும் வரிசையில் நிற்பார்கள். இத்தனை பாடுபட்டும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. குறியாக்கம் செய்த வைஃபையிலும் மேக் முகவரி வெளிப்படையாகவே செல்வதால், எவரும் அதைப் பார்த்துத் தம் கணினிக்குச் சூட்டிக்கொள்ளலாம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10, 2020-இல் ஐஓஎஸ் 14 என அடுத்தடுத்து வந்த பதிப்புகள் முகவரியைத் தாமே மாற்றிக் காட்டத் தொடங்கியபின், கைபேசிகளுக்கு இம்முறை இன்னும் பொருந்தாமல் போயிற்று. கடவுச்சொல் தட்டச்சு செய்ய வழியில்லாத அச்சுப்பொறிக்கு மட்டும், அதுவும் வலையமைப்புக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதியில் (விலானில்), இதை ஏற்கலாம்.

உள்நுழைவுப் பக்கம் எளிது, விருந்தினருக்குப் போதும். ஆனால் அதன் பின்னுள்ள வைஃபை பெரும்பாலும் குறியாக்கம் இன்றித் திறந்தே கிடக்கும்.

802.1எக்ஸ் முறையில், கணக்கைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேவையகம் ஆளை உறுதி செய்யும் வரை கம்பி வழி இணைப்பின் போர்ட்டும் திறக்காது. வைஃபையில் ஒவ்வொருவருக்கும் தனிக் குறியாக்கச் சாவி கிடைக்கும். பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை சேவையான எடுரோம், இந்தியாவின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட் வழியாக இங்கும் இயங்குகிறது; அது இதன் மேல்தான் நிற்கிறது. அதனால் சொந்தக் கல்லூரிக் கணக்கைக் கொண்டே வேறொரு பல்கலைக்கழகத்திலும் இணையலாம். என் தேர்வு இதுவே; ஆயினும் எந்த வகையில் நிறுவுகிறோம் என்பது முக்கியம். கடவுச்சொல்லை நம்பும் பீப் வகையில், சேவையகச் சான்றிதழை (அது கல்லூரியின் சேவையகமே என்பதற்கான மின்னணு அடையாளத்தை) சரிபார்க்காமல் 'இணை' என்பதை அழுத்தும் மாணவர், அதே பெயரில் ஒருவர் வைத்த போலி வைஃபையிடம் கடவுச்சொல்லைப் பறிகொடுக்க நேரிடும். கருவிக்கொரு சான்றிதழ் வழங்கும் ஈஏபி-டிஎல்எஸ் வகையில் திருடுவதற்குக் கடவுச்சொல்லே இல்லை. மடிக்கணினி தொலைந்தால் அந்த ஒரு சான்றிதழை ரத்து செய்தால் போதும். தொடக்கத்தில் நிறுவும் வேலை கூடுதல்தான், ஆனால் அது ஒருமுறை செய்வது.

பீப் வகையே கைவசம் உள்ள கல்லூரிகள், சேவையகச் சான்றிதழில் தெரிய வேண்டிய பெயரைச் சேர்க்கைக் கடிதத்திலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.