மங்கிய உட்கூரை விளக்கு: பல்ப்பா, எல்.ஈ.டி.யா, எர்த்தா?

வாகனத்தின் உட்கூரை விளக்கு மங்கிவிட்டால், மலையகத்தில் பலர் ஹற்றனிலோ பண்டாரவளையிலோ உள்ள உதிரிப்பாகக் கடைக்குப் போய் ஓர் எல்.ஈ.டி.யை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். விளக்கும் பளிச்சென்று எரிகிறது. ஆனால் மழையிலும் மூடுபனியிலும் ஆண்டு முழுவதும் ஓடும் நமது பழைய வேன்களுக்கும் கார்களுக்கும் அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை என்பதே எனது கணிப்பு. மின்சாரம் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாமலே பாதிப் பதில் கிடைத்துவிடும். அநேகமான உட்கூரை விளக்குகளின் சுவிட்சில் மூன்று நிலைகள் உண்டு: எப்போதும் எரிவது, கதவைத் திறந்தால் மட்டும் எரிவது, அணைந்திருப்பது. முதல் நிலையில் நன்றாக எரியும் விளக்கு, கதவைத் திறக்கும்போது மட்டும் மங்கலாக எரிந்தால், பல்ப்பிலோ பற்றரியிலோ குறை இல்லை. கதவுச் சுவிட்சும் அதன் எர்த்துமே (மின்சாரம் வாகன உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை) சந்தேகத்துக்குரியவை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தால் எந்தக் கதவு என்பதும் தெரிந்துவிடும். இரண்டு நிலைகளிலும் மங்கல் என்றால் பல்ப், அதைப் பிடித்திருக்கும் தகடுகள், வயர், பற்றரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சினை இயக்கியதும் வெளிச்சம் சட்டென்று மிகவும் கூடினால் பற்றரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம்.

இவற்றுள் நம் பக்கத்தில் அதிகம் அகப்படுவது கதவுச் சுவிட்ச்தான். பழைய யப்பானிய, இந்திய வாகனங்களில் விளக்குக்குப் பற்றரியிலிருந்து மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். கதவு திறக்கும்போது வெளியே வரும் சிறிய முள் அந்தச் சுற்றை வாகன உடலோடு இணைத்து எர்த் கொடுக்கும். அந்தச் சுவிட்சைக் கதவுச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகாணியே பல வாகனங்களில் எர்த் பாதையும் ஆகும். வட்டவளைப் பக்கம் ஓடும் டொல்பின் வேன் ஒன்றில் அதைக் கழற்றிப் பார்த்தால், முள்ளை மூடியிருக்கும் றப்பர் வெடித்திருக்கும். உள்ளே பித்தளையில் பச்சை பூத்திருக்கும். திருகாணியின் அடியில் பெயின்ற் கிளம்பித் துரு ஒட்டியிருக்கும். பற்றரியின் எதிர்முனை (மைனஸ்) வயரைக் கழற்றிவிட்டு, நுண்ணிய எமரித் தாளால் பித்தளையையும் திருகாணி அமரும் இடத்தையும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, சிறிது கிறீஸ் பூசி, றப்பரையும் மாற்றிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எல்.ஈ.டி. ஏமாற்றுகிறது. சாதாரண 10 வாட் பல்ப் 12 வோல்டில் ஏறத்தாழ 0.8 அம்பியர் இழுக்கும். துருவினால் 2 ஓம் தடை உண்டாகியிருந்தால் அங்கேயே சுமார் 1.5 வோல்ட் தொலைந்துபோகும். இழை பல்ப்புக்கு அது பெரிய இழப்பு, ஏனெனில் மின்னழுத்தம் 10 வீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும். அதே இடத்தில் 1 வாட் எல்.ஈ.டி.யைப் போட்டால் அது இழுப்பது 0.1 அம்பியருக்கும் குறைவு. துருவில் தொலைவது 0.2 வோல்டைத் தாண்டாது. ஆகவே குறை இருந்த இடத்திலேயே இருக்க, விளக்கு மட்டும் நன்றாக எரிகிறது. துரு வளர்ந்து சுவிட்ச் முழுவதும் செயலிழக்கும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்காக எல்.ஈ.டி.யை ஒதுக்க வேண்டியதில்லை. எர்த்தைச் சரிசெய்த பின் போட்டால் அது நல்ல தெரிவே. இரவில் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால், 10 வாட் பல்ப் பத்து மணித்தியாலத்தில் 8 அம்பியர்-மணி அளவில் குடித்துவிடும். சிறிய காரின் 35 அம்பியர்-மணி பற்றரிக்கு அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எல்.ஈ.டி. என்றால் 1 அம்பியர்-மணியைத் தாண்டாது. விடியற்காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கண்ணாடி உட்புறம் கருத்துப்போன பழைய பல்ப்பை அதே வகைப் புதிய பல்ப்பால் மாற்றுவது மலிவானது, குறை தேடுவதற்கும் உதவும்: புதியதும் மங்கலாகவே எரிந்தால் குற்றம் பல்ப்பில் இல்லை. ஆனால் 5 வாட் இருந்த இடத்தில் 10 வாட் போட்டு வெளிச்சத்தைக் கூட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். பிளாஸ்ரிக் மூடி பழுத்து உருகத் தொடங்கும். பியூஸை மாற்றுவதும் வீண். பியூஸ் போனால் விளக்கு அணையுமே தவிர மங்காது.

பற்றரி விடயத்தில் நம்மவர்கள் நுவரெலியாக் குளிரைக் குற்றம் சொல்வார்கள். பற்றரியை வீழ்த்தும் அளவுக்கு அது குளிரல்ல. மூடுபனியில் பகலிலும் பெரிய விளக்குகளையும் வைப்பரையும் போட்டுக்கொண்டு, குறுகிய தூரங்களை மெதுவாக ஓடுவதே பெரிய காரணம். அந்த ஓட்டத்தில் பற்றரிக்கு முழுச் சார்ஜ் ஏறுவதில்லை. சில மணித்தியாலம் நிறுத்திவைத்த பின் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டாவிட்டால், புதிய பற்றரி வாங்கும் முன் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ட்டனேற்றரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

எல்.ஈ.டி. வாங்குவோர் பழைய பல்ப்பைக் கையோடு கொண்டுபோவது நல்லது. இருமுனை பல்ப்புகள் 31, 36, 41 மில்லிமீற்றர் எனப் பல நீளங்களில் வரும்; நீளம் தப்பினால் தகடுகள் இறுகப் பிடிக்காமல் மறுபடியும் மங்கும். பொருத்தியதும் எரியாவிட்டால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் ஒருமுறை முனைகளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவும்.