விம்பிள்டன் டிராம் நிறுத்தம்: ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு டிராம் மேடை

தெற்கு இலண்டனின் டிராம் நிறுத்தங்களில் பெரும்பாலானவை சாலையோரத்திலோ பழைய ரயில் பாதையின் ஓரத்திலோ அமைந்த எளிய மேடைகள். விம்பிள்டன் நிறுத்தம் அப்படிப்பட்டதன்று. இங்கே டிராம் ரயில் நிலையத்துக்குள்ளேயே வந்து, பத்தாம் நடைமேடையில் நிற்கிறது. ஒன்று முதல் நான்கு வரையிலான மேடைகளில் டிஸ்ட்ரிக்ட் பாதையின் பாதாள ரயில்களும், ஐந்து முதல் எட்டு வரை வாட்டர்லூ செல்லும் தென்மேற்கு ரயில்களும், ஒன்பதில் தேம்ஸ்லிங்க் ரயில்களும் நிற்க, அவற்றின் தொடர்ச்சியாக டிராமும் இடம்பெற்றிருப்பதால், மழையில் சாலையைக் கடக்காமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடலாம்.

எழுபது வயதைக் கடந்த என் தாயாரை மிட்சம் (Mitcham) என்னும் பகுதியிலிருந்து எஃப்ரா சாலையிலுள்ள கணபதி கோவிலுக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் இந்த அமைப்பின் அருமை எனக்கு நன்கு விளங்குகிறது. மேடையும் டிராமின் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் மூட்டுவலி உள்ளவர்கள் காலை உயர்த்தி ஏற வேண்டியதில்லை. நிலையத்தில் மின்தூக்கியும் உண்டு. வெளியே வந்தால் பிராட்வே சாலை வழியாகச் செல்லும் 57, 131 ஆகிய பேருந்துகள் கோவிலின் பக்கம் கொண்டுசேர்க்கும். அதே பேருந்துகளில் தொடர்ந்து சென்றால் தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்கை அடையலாம் என்பதால், தரிசனமும் காய்கறியும் ஒரே பயணத்தில் முடிந்துவிடுகின்றன. டென்னிஸ் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு 493 உள்ளது.

கட்டணத்தில்தான் கவனம் வேண்டும். மற்ற டிராம் நிறுத்தங்களில் ஏறுவதற்கு முன் ஆய்ஸ்டர் என்னும் இலண்டன் பயண அட்டையையோ வங்கி அட்டையையோ மேடையிலுள்ள கருவியில் ஒருமுறை ஒற்றினால் போதும். இறங்கும்போது ஒற்ற வேண்டியதில்லை. விம்பிள்டனிலோ டிராம் மேடை நிலையத்தின் தானியங்கிக் கதவுகளுக்கு உட்புறம் இருக்கிறது. கதவைத் திறக்க ஒற்றும்போது நீங்கள் ரயில் பயணம் தொடங்கியதாகவே பதிவாகும். ஆகவே டிராம் மேடைக்கு வந்ததும் அங்குள்ள கருவியில் அதே அட்டையை மீண்டும் ஒருமுறை ஒற்ற வேண்டும். இல்லையெனில், முடிவுபெறாத ரயில் பயணமாகக் கருதப்பட்டு அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்பட வாய்ப்புண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். முறையாக ஒற்றிவிட்டால், பேருந்துக் கட்டணம் எவ்வளவோ அவ்வளவே டிராமுக்கும். முதல் ஒற்றலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் பேருந்துகளுக்கும் டிராம்களுக்கும் தனிக் கட்டணம் இல்லை. டூட்டிங்கில் பேருந்து ஏறி, விம்பிள்டனில் டிராமுக்கு மாறி, குறித்த நேரத்துக்குள் ஒற்றிவிட்டால் குரோய்டன் வரைக்கும் ஒரே கட்டணம்தான்.

இலண்டனின் ரயில் பாதைகள் பெரும்பாலும் நகர மையத்தை நோக்கியே ஓடுகின்றன. ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குக் குறுக்கே செல்ல வழி குறைவு. அந்தக் குறையை இந்த டிராம் தீர்க்கிறது என்பதே என் உறுதியான கருத்து: இங்கிருந்து கிழக்குக் குரோய்டனுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடங்களில் போய்விடலாம். 1855இல் திறக்கப்பட்ட விம்பிள்டன்–மேற்குக் குரோய்டன் ரயில் பாதை 1997இல் மூடப்பட்டு, 2000ஆம் ஆண்டு டிராம் பாதையாக மறுபிறவி எடுத்தது. மிட்சத்தை அடுத்த ஒரு பகுதியில், 1803இல் குதிரைகள் வண்டி இழுத்த சர்ரே இரும்புப் பாதையின் தடத்தையே இன்றைய டிராமும் பின்பற்றுகிறது. சன்னலோரம் அமர்ந்து அந்தப் பகுதியைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

நீண்ட காலம் ஒரே ஒரு டிராம் மேடையுடன் இயங்கிய இந்த நிறுத்தத்துக்கு 2015இல் இரண்டாவது மேடை கிடைத்தது. இப்போது அவை 10ஏ, 10பி என்று அழைக்கப்படுகின்றன. எதிலிருந்து டிராம் முதலில் புறப்படும் என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு நிற்பது நல்லது. டிராமுக்குள் பணம் கொடுத்துச் சீட்டு வாங்க முடியாது; மிதிவண்டியையும் மடிக்காமல் ஏற்ற முடியாது.

ரயிலில் மாற வேண்டிய தேவை இல்லாதவர்களுக்கும், அருகில் குடியிருப்பவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது அடுத்த நிறுத்தமான டண்டோனல்டு சாலையை. விம்பிள்டனிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் அங்கே தானியங்கிக் கதவு இல்லை. ஒருமுறை ஒற்றிவிட்டு ஏறிக்கொள்ளலாம்.