மறுபடி பெயிண்ட் அடிக்க: நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா, மொத்தக் கான்ட்ராக்டா?

போன கார்த்திகையில் திருச்சி உறையூரில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெயிண்ட் அடித்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, ஹால் சுவர் உரிகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போய்க் கட்டைவிரல் நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு அப்படியே கையோடு வந்துவிட்டது. முன்பக்கம் சந்தன நிற எமல்ஷன் (தண்ணீரில் கலந்து அடிக்கிற பிளாஸ்டிக் பெயிண்ட்), அதற்குப் பின்னால் பெயிண்ட்டைப் பிடித்துக்கொள்ள அடிக்கிற பிரைமர், அதற்கும் பின்னால் சுவரைச் சமமாக்க இழுக்கிற பட்டி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு. சில்லைத் திருப்பினால் பட்டியின் முதுகு முழுக்க வெளிர்நீலப் பொடி. அது பழைய டிஸ்டெம்பர், ஈரம் பட்டால் கரைகிற சுவர்ப் பெயிண்ட். பட்டி சுவரைத் தொடவே இல்லை, அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நாள் நின்றிருக்கிறது.

"பெயிண்ட் மட்டமா தம்பி?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். வேலையை எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டேன். "பட்டி, பிரைமர், ரெண்டு கோட்டு எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசினோம்" என்றார். சுரண்டுவதற்கு என்று தனியாக எதுவும் பேசவில்லை. பேசாத வேலை நடக்கவும் இல்லை.

கையாளாகச் சேர்ந்து, பிறகு பிரஷ் பிடித்து, இப்போது ஆறு பேரை வைத்து வேலை எடுக்கிறேன். மூன்று விதமாகவும் வேலை பேசியிருக்கிறேன். எந்தப் பெயிண்ட் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் கூலி பேசும் முறைதான் அந்தச் சுவர் எத்தனை வருடம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சதுர அடிக் கணக்கு

இன்றைக்கு அதிகம் நடப்பது இதுதான். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு ஒப்பிடலாம். வீட்டின் தரைப் பரப்பைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு உள்சுவரும் சீலிங்கும் வரும் என்பது எங்களுக்குள் புழங்கும் கணக்கு. 1,000 சதுர அடி வீடு என்றால் 3,000 முதல் 3,500 சதுர அடி வேலை. இதில் கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதில்தான் கடைசி நாளில் சண்டை வரும். முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இதைவிடப் பெரிய பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு நாள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரோலர் பிடித்தால் எங்கள் ஆள் ஒரு நாளில் ஒரு கோட்டு 600 சதுர அடி போட்டுவிடுவார். அடிக்கு ரூபாய் 1.70கூட ஆகாது. அதே ஆள் பழைய டிஸ்டெம்பரை முழுசாகச் சுரண்ட உட்கார்ந்தால் நாள் முழுக்க 150 சதுர அடிதான் முடியும். அடிக்கு ரூபாய் 6.70 ஆகிவிடுகிறது. ஒரு கோட்டு பெயிண்டைப்போல நான்கு மடங்கு கூலி, அதுவும் வேலை முடிந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத வேலைக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரேட் என்று பேசிவிட்டால், கான்ட்ராக்டருக்கு எந்த இடத்தில் கை வைக்கத் தோன்றும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக்கு விலை சொன்ன நாலு பேரில் குறைவாகச் சொன்னவருக்கு நீங்கள் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அந்த விலைக்குள் சுரண்டியும் கொடுத்தால் அவருடைய ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட முடியாது.

புதுச் சுவருக்கும், ஏற்கெனவே எமல்ஷன் அடித்து உறுதியாக நிற்கிற சுவருக்கும் சதுர அடிக் கணக்குதான் சரி. அங்கே ஒளிந்திருக்கும் வேலை குறைவு.

நாள் கூலி

நாள் கூலிக்கு வந்தவருக்கு அவசரம் இல்லை. சுரண்டியை வைத்துப் பொறுமையாக உட்கார்ந்து எடுப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய வீடுகளுக்கு இதைவிட நியாயமான முறை கிடையாது. எந்தச் சுவரில் எத்தனை அடுக்கு இருக்கிறது, எங்கே சிமெண்ட் பூச்சு பிடிப்பு விட்டு, தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் கொடுக்கிறது என்பதெல்லாம் கை வைத்த பிறகுதான் தெரியும்.

ஆனால் அவசரம் இல்லாததே இதன் குறையும். பத்து நாள் என்று சொன்ன வேலை பதினாறு நாளுக்குப் போகும். வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வேலை முடிந்தது என்று யார் சொல்வது என்பதிலும் தெளிவு இருக்காது. வேலை எடுக்கிற எனக்கும் இதில் சங்கடம் உண்டு. டீ குடிக்க எழுந்தால்கூட வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். நல்ல ஆட்கள் அந்தப் பார்வைக்காகவே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

கேட், கிரில், ஒரே ஒரு அறை என்றால் யோசிக்காமல் நாள் கூலிக்கே பேசுங்கள்.

மொத்தக் கான்ட்ராக்ட்

பொருளும் கூலியும் கான்ட்ராக்டருடையதே. வெளிநாட்டில் இருந்துகொண்டு அம்மா அப்பா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு இது வசதி. பழுது வந்தால் ஒரே ஆளைக் கேட்கலாம். பொருள் உங்களுடையது, கூலி என்னுடையது என்று இருந்தால், பெயிண்ட் சரியில்லை என்று நானும் வேலை சரியில்லை என்று கடைக்காரரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதில் பார்க்க வேண்டியது இரண்டு. பக்கெட்டில் என்ன பெயர் இருக்கிறது, எத்தனை கோட்டு, எந்த பிரைமர் என்று எழுத்தில் வாங்குங்கள். மூடி உங்கள் முன்னால் திறக்கட்டும். பெயிண்ட் பக்கெட்டோடு பெயிண்டருக்கு என்று கூப்பனோ புள்ளியோ வருவது ஊரறிந்த விஷயம். அதனால் சில சமயம் உங்கள் சுவருக்கு ஏற்றதை விட்டுவிட்டுப் புள்ளி அதிகம் தருகிற பெயிண்ட் வந்து இறங்கும். நான் என் வாடிக்கையாளர்களிடம் கூப்பன் எங்கள் ஆட்களுக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். யாரும் மறுத்ததில்லை.

தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பொருளையும் சேர்த்து எடுத்தால் பெயிண்ட் விலையும் உங்கள் வரவில்தான் ஏறும். கூலி மட்டும் என்றால் பல வருடம் தாண்டாத அந்த வரம்பை, மொத்தமாக எடுத்தால் ஆறே மாதத்தில் தாண்டிவிடலாம். அதற்கான 18 சதவீதத்தை விலையில் சேர்க்காமல் பேசிவிட்டு நஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதோடு, எந்த முறையில் எடுத்தாலும் ஆட்களைக் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வையுங்கள். பெயிண்டர்களும் அதில் வருவார்கள். சாரத்தில் ஏறுகிறவனுக்கு அந்த அட்டை வேண்டும்.

பெயிண்ட் கம்பெனிகளே நடத்தும் சர்வீஸும் இருக்கிறது. மெஷினில் தேய்ப்பார்கள், தூசியை அதுவே இழுத்துக்கொள்ளும், பொருள்களைத் துணி போட்டு மூடுவார்கள். குடியிருந்துகொண்டே பெயிண்ட் அடிக்கிற பிளாட்டுக்கு அது பெரிய நிம்மதி. காசு கூடுதல். கை வேலை செய்வது பெரும்பாலும் எங்களைப் போன்ற உள்ளூர் ஆட்கள்தான்.

நான் இப்போது பேசுவது

சுவர் தயாராகும் வரை நாள் கூலி, அதற்குப் பிறகு சதுர அடிக் கணக்கு. சுரண்டுவது, விரிசல் அடைப்பது, உதிர்ந்த பூச்சைத் தட்டி எடுப்பது வரை முதல் பகுதி. அது முடிந்ததும் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடிக்கச் சொல்வேன். மேடு பள்ளம், விட்டுப்போன பழைய பெயிண்ட்டின் ஓரம் எல்லாம் நிழலோடு தெரியும். வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்றால்தான் பட்டி, பிரைமர், பெயிண்ட். பொருள் என் லிஸ்ட், பில் அவர் பெயரில். இதில் செலவு சதுர அடி ரேட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு சுரண்ட வேண்டும் என்பதற்கு மூன்று சோதனை போதும். ஈர ஸ்பாஞ்சால் தேய்த்தால் கலர் கரைந்து வந்தால் அது டிஸ்டெம்பர், அல்லது சுண்ணாம்பு. முழுக்க எடுக்க வேண்டும். எமல்ஷன் என்றால் பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வரவில்லை என்றால் 180 எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தாலே போதும், சுரண்டக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது ஈரத்துக்கு. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

டிஸ்டெம்பரைக் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தோல் மாதிரி சுருண்டு வரும். தூசியும் மூக்கில் ஏறாது. கதவு ஜன்னலில் இருக்கும் பழைய எனாமலுக்கு, அதாவது ஆயில் பெயிண்டுக்கு, இன்னும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் உப்புத்தாள் போட்டு ஈரத்தோடு தேய்த்து, அந்தக் குழம்பைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

எந்தப் பட்டி?

ஒயிட் சிமெண்ட் பட்டியும் அக்ரிலிக் பட்டியும்தான் போட்டி. சிமெண்ட் பட்டி பவுடராக மூட்டையில் வரும், விலை குறைவு, வெளிச்சுவருக்கும் தாங்கும். ஆனால் அதற்கு வெறும் சுவர் வேண்டும். சிமெண்ட் பூச்சை ஈரமாக்கிவிட்டு வைத்தால் கல்லாகப் பிடிக்கும், பழைய பெயிண்ட்டின் மேல் வைத்தால் உறையூர் வீட்டுக் கதைதான். குழைத்ததை மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கலக்குகிற ஆளைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்.

அக்ரிலிக் பட்டி பசைபோல டப்பாவில் வரும். பிரைமர் அடித்துவிட்டு அதன் மேல் வைத்து, மறுபடி பிரைமர் அடிக்க வேண்டும். தேய்க்கச் சுலபம், பினிஷ் வழவழப்பாக இருக்கும், உறுதியான பழைய எமல்ஷனில் அங்கங்கே ஒட்டுப்போட இதுதான் சரி. ஈரத்துக்கு ஆகாது, வெளிப்பக்கம் கூடவே கூடாது. என்னைக் கேட்டால் முழுக்கச் சுரண்டிய சுவருக்குச் சிமெண்ட் பட்டி, ஒட்டு வேலைக்கு அக்ரிலிக். எதுவானாலும் ஒரு கோட்டு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆழமான பள்ளத்தைச் சிமெண்ட் கலவை போட்டு அடைத்துவிட்டு வர வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகள் போலச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு வைத்திருப்பவர்கள் இரண்டையுமே தொடாதீர்கள். அந்தச் சுவர் மூச்சு விடுகிற சுவர், ஈரம் அதன் வழியே வெளியேற வேண்டும். சுண்ணாம்பே அடியுங்கள்.

ஓதம் ஏறிய சுவருக்கு எந்தப் பட்டியும் மருந்தில்லை. உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். குளியலறைக் குழாயா, மொட்டைமாடியா, சன்ஷேடு மூலையா என்று ஈரம் வருகிற வழியை முதலில் அடையுங்கள். பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசினால் 28 நாள் விட வேண்டும்.

இதனால்தான் பொங்கல் அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவருக்கு மார்கழியில் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் வெளிச்சுவருக்கு மாசி முதல் சித்திரை வரைதான் நல்ல காலம். ஆடியில் ஆட்களும் தாராளமாகக் கிடைப்பார்கள்.

உறையூர் வீட்டில் ஹால் 14க்கு 12 அடி. கதவு ஜன்னல் போக 450 சதுர அடிச் சுவர். இரண்டு பேர் ஒன்றரை நாளில் சுரண்டி முடித்தார்கள், கூலி 3,000 ரூபாய். முதல் தடவையே அதைக் கொடுத்திருந்தால் இரண்டாம் தடவை பெயிண்ட் வாங்கியிருக்க வேண்டாம் என்று அந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். வடக்குச் சுவரில் பாலிதீன் ஒட்டிவிட்டு வந்தேன். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர். வாடைக்காற்று மழை அடிக்கிற பக்கம், சன்ஷேடு மூட்டில் மயிரிழை விரிசல். அதை அடைத்துவிட்டு, மற்ற மூன்று சுவரையும் பொங்கலுக்குள் முடித்துக் கொடுத்தோம். அந்த ஒரு சுவர் மட்டும் சாம்பல் நிறப் பூச்சாகவே பொங்கல் கொண்டாடியது. மாசி பாதியில் மறுபடி பாலிதீன் ஒட்டிப் பார்த்தேன், தாள் காய்ந்திருந்தது. அன்றைக்கே பட்டி குழைத்தோம்.