மூன்று பூனை முத்திரை ஷ்வேஷ்வே: தைக்கத் தெரிந்தவருக்குக் கொடுக்கலாமா?

வெற்றிலை பாக்கோடு வரும் ரவிக்கைத் துணியின் கதி நமக்குத் தெரியும். யாரும் தைப்பதில்லை. கொஞ்ச நாள் பீரோவில் கிடந்துவிட்டு, அடுத்த விசேஷத்தில் வேறு யார் தட்டிலோ ஏறிவிடும். திண்டிவனத்தில் அம்மா வீட்டிலும் அப்படித்தான், டர்பனில் மாமியார் வீட்டிலும் அப்படித்தான். நான் கொடுத்த பச்சைத் துணி ஒன்று, புரட்டாசி பூஜைக்குப் போன வீட்டில் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் நான் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை.

ஷ்வேஷ்வே மட்டும் அந்தச் சுற்றில் சேரவில்லை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் விரும்பி உடுத்தும் அச்சுப் பருத்தித் துணி அது. வந்ததை வெட்டினேன், தைத்தேன், உடுத்திக்கொண்டும் இருக்கிறேன். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் நம் பெண்கள் பலர் இதைக் கடையில் பார்த்தும் ‘அது அவங்க துணி’ என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொடுத்தவர் பள்ளியில் என்னோடு பாடம் நடத்தும் ஆசிரியை, கிழக்கு கேப் மாகாணத்தில் பிறந்த, கோசா இனத்துப் பெண். நான் தைப்பேன் என்று தெரிந்து, ஊருக்குப் போய் வரும்போது ஐந்து மீட்டர் கருநீலம் வாங்கி வந்தார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. “ஸிஸி (சகோதரி), முதலில் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்” என்றார். வைத்தேன், உப்புக் கரித்தது. “சரி, அசல்தான்” என்று சிரித்தார்.

அவர் விளையாடவில்லை. இந்தத் துணி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலத்தில், வழியில் ஈரம்பட்டுக் கெடாமல் இருக்க அழுத்தமாகக் கஞ்சி போட்டு அனுப்பினார்கள். இப்போது உள்நாட்டிலேயே தயாராகிறது, ஆனாலும் கஞ்சியை விடவில்லை. வாங்குகிறவர்கள் அந்த விறைப்பையும் வாசனையையும் உப்பையும் வைத்துத்தான் அசலை அடையாளம் காண்கிறார்கள். கையில் எடுத்தால் காய்ந்த அப்பளம் மாதிரி இருக்கும். அந்த விறைப்பைப் பார்த்து ‘இதை எப்படி உடம்பில் போடுவது’ என்று பயந்து ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு தடவை நனைத்தால் ஆளே மாறிவிடும்.

வேலைப்பாட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முழுத் துணியையும் ஒரே நிறத்தில் தோய்த்துவிட்டு, அப்புறம் கோலம் செதுக்கிய செப்பு உருளைகளில் ஓட்டுகிறார்கள். உருளை வழியாக மெல்லிய அமிலக் கரைசல் இறங்கி, பட்ட இடத்தில் சாயத்தை எடுத்துவிடுகிறது. வெள்ளையாகத் தெரிவது மேலே பூசியது இல்லை என்பதால், இஸ்திரி போட்டால் ஒட்டுவதோ நாளடைவில் உரிவதோ கிடையாது. என் துணியில் பொடிப் புள்ளிகளால் ஆன வட்டங்கள். கிட்டத்தில் பார்த்தால் நம் புள்ளிக் கோலமேதான்.

1840களில் பிரெஞ்சு மிஷனரிகள் பாசுதோ மக்களின் (இன்றைய லெசோத்தோ) மன்னர் மொஷூஷூவுக்கு இப்படி ஒரு நீலத் துணியைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்றும், அதிலிருந்துதான் மக்களிடம் பரவியது என்றும் சொல்வார்கள். ஆக, இது தொடக்கத்திலிருந்தே பரிசுத் துணி. ‘மூன்று பூனை’ முத்திரைக்கான உரிமையை 1992இல் டா காமா டெக்ஸ்டைல்ஸ் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனம் இங்கிலாந்து நிறுவனத்திடமிருந்து வாங்கி, செப்பு உருளைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. ஆலை இருப்பது கிங் வில்லியம்ஸ் டவுனுக்கு (இப்போதைய பெயர் Qonce) பக்கத்தில், ஸ்வெலிட்சாவில். இன்னொன்றும் உண்டு. 1652இல் நன்னம்பிக்கை முனையில் துறைமுகம் வந்த பிறகு அங்கே இறங்கிய நீலத் துணிகளில் இந்தியத் துணியும் இருந்தது. எங்கள் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ‘அவங்க துணி’ என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன். பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இனி தையலுக்கு வருவோம். வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆக வேண்டும். தனி வாளி, பச்சைத் தண்ணீர். வெள்ளைத் துணி எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். முதல் தண்ணீர் மையாக இறங்கும், இரண்டாவது கொஞ்சம் தெளியும். அலசும்போது கஞ்சி கொழகொழவென்று கையில் வரும். என் ஐந்து மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் சுருங்கியது. நல்ல பருத்திக்கு இது வழக்கம்தான், ஆனால் தைத்த பிறகு சுருங்கினால் வம்பு. துணி கொடுத்த தோழி வேறு கட்சி: விறைப்பு போகாமல் அப்படியே தைத்தால்தான் பாவாடை நிமிர்ந்து நிற்கும், விசேஷத்துக்குப் புதுசாகத் தெரியும் என்கிறார். பாவாடையைத் தளர்வாகத் தைப்பவர்களுக்கு அது சரிப்படலாம். கைக்குழி பிடித்தாற்போல் ரவிக்கை தைக்கிற நமக்கு ஒத்துவராது.

அடுத்தது பன்னா. மூன்று பூனைத் துணியின் அகலம் 90 சென்டிமீட்டர்தான். நம்மூர் 44 இஞ்சுக்குப் பழகிய கைக்கு இது இடிக்கும். குர்தியின் முன்பக்கமும் பின்பக்கமும் அடுத்தடுத்து அடங்காது, ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் போட வேண்டும். கீழே விரிவு வேண்டுமென்றால் ஒட்டுக் கொடுக்க வேண்டும். நான் நேர் குர்திக்கு, கையோடு சேர்த்து, இரண்டே முக்கால் மீட்டர் எடுத்தேன். ரவிக்கைக்கு 90 சென்டிமீட்டர். மீதியில் மகளுக்கு முழங்கால் வரை ஒரு பாவாடை. கடைசியில் மிஞ்சியது ஒரு கீற்று, அதுவும் கழுத்துக்குக் கிராஸ் வெட்டப் போய்விட்டது.

வெட்டும் சுகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நெருக்கமான நெசவு, கத்தரிக்கு அடியில் நழுவுவதில்லை. வெள்ளைச் சாக்பீஸ் கோடு கருநீலத்தில் பளிச்சென்று தெரியும். 14ஆம் நம்பர் ஊசி போட்டேன், தையல் ஒரே சீராக விழுந்தது. ப்ளீட்டை நகத்தால் கீறிவிட்டாலே மடிப்பு நிற்கிறது. இஸ்திரிப்பெட்டி பிறகு வந்தால் போதும். ரவிக்கைக்கு லைனிங் தேவைப்படவில்லை, உள்ளே எதுவும் தெரியாத அளவுக்குக் கனம் இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: துளியும் இழுத்துக் கொடுக்காது. அளவு ரவிக்கையைவிடச் சுற்றளவில் அரை இஞ்ச் கூட்டி வையுங்கள்.

அத்தையிடம் காட்டியதுதான் உண்மையான பரீட்சை. அவர் இளவயதில் டர்பன் கார்மென்ட் பேக்டரியில் மெஷின் ஓட்டியவர். அந்தக் காலத்தில் இங்கே எத்தனையோ இந்தியக் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது அந்த பேக்டரிச் சம்பளத்தில்தான். நிறத்தைப் பார்த்ததுமே, “நல்ல நாளும் அதுவுமா கருநீலமா?” என்றார். கோசாக் குடும்பங்களில் புது மருமகள் உடுத்தும் துணி இது என்று சொன்னேன். “அவங்க மருமக போட்டுக்கட்டும். என் மருமக பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போகட்டும்” என்று முடித்துவிட்டார். ஆனால் துணியைத் திருப்பி, நூலைப் பிரித்து, ஓரத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு, நேர் நூலில் கிழிகிறது என்று ஒத்துக்கொண்டார். அவர் வாயால் அது பெரிய பாராட்டு.

உடுத்திய அனுபவம்? வெள்ளைக் கைத்தறிப் புடவைக்கு இந்த ரவிக்கை அவ்வளவு எடுப்பு. பள்ளியில் ஆசிரியர் ஓய்வறையில் கேட்காதவர் இல்லை. துவைக்கத் துவைக்கத் துணி மெத்தென்று ஆகிறது, நீலமும் ஜீன்ஸ் போல மெல்ல வெளுக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. நிறம் கடைசி வரை அப்படியே இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. வெயிலில் மாத்திரம் காயப் போடாதீர்கள், மடிப்பில் கோடு விழும். டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் குர்தி கொஞ்சம் கனம்தான், ஜூன் மாதத்துக்கு அருமை. ரவிக்கை எல்லா மாதத்துக்கும் தாங்கும்.

போலி நிறைய உலவுகிறது. நகரத்தில் ஒரு கடையில் ‘அசல்’ என்று சொல்லி சிவப்பில் ஒன்றை விரித்தார்கள். அகலம் ஒன்றரை மீட்டர். பின்பக்கம் முத்திரை இல்லை. உப்பும் இல்லை, சாப்பாட்டுக் கடை மாதிரி அங்கே நின்று நக்கிப் பார்த்ததில் கடைப்பையன் மிரண்டதுதான் மிச்சம். மாதிரிக்குக் கொஞ்சம் வாங்கி வந்து ஓர நூலைக் கொளுத்தினேன். சாம்பலாக உதிரவில்லை, கறுப்பு உருண்டையாகச் சுருண்டது. பாலியஸ்டர் கலப்பு. மேஜை விரிப்புக்கு ஆகும், ஆனால் அசல் விலைக்கு வாங்காதீர்கள். அசல் மூன்று பூனை என்றால் துணியின் பின்பக்கத்தில் அந்த முத்திரை குத்தியிருக்கும். திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரண பிரின்ட் காட்டனைவிடக் கூடுதல்தான். குறுகிய பன்னாவால் மீட்டரும் கூடுதலாகப் பிடிக்கும், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தினசரி வீட்டு உடுப்புக்கு நான் இதை வாங்க மாட்டேன். தைக்கத் தெரிந்த ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க, இந்த ஊரில் இதைவிட நல்ல துணி நான் பார்க்கவில்லை. தைக்கத் தெரியாதவருக்குக் கொடுத்தால் அதுவும் தட்டிலிருந்து தட்டுக்குத்தான் போகும். தையற்காரரிடம் கொடுப்பவராக இருந்தால், நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பல தையற்காரர்கள் வந்ததை அப்படியே வெட்டிவிடுவார்கள்.

எவ்வளவு கொடுப்பது? ரவிக்கைக்கு மட்டும் என்றால் ஒன்றேகால் மீட்டர், சுருக்கம் போக மிஞ்சும். குர்திக்கு மூன்று. இரண்டரை மீட்டர் என்பது எதற்கும் உதவாத அளவு, ரவிக்கைக்கு அதிகம், குர்திக்குப் பற்றாது. ஐந்து கொடுக்க முடிந்தால் தாராளம். கூடவே அதே நீலத்தில் ஒரு நூல்கண்டும் வைத்துவிடுங்கள். இந்தக் கருநீலத்துக்குச் சேரும் நூலைத் தேடி நான் கடை கடையாக ஏறி இறங்கினேன், கறுப்பு நூல் இதில் தனியாகத் தெரியும்.