மலையுச்சிச் செடிகளைத் தாழ்நிலத்தில் வளர்த்ததில் கண்டது

ஆல்பைன் செடி, அதாவது உயர்மலைச் செடி, என்றதும் "குளிர் இல்லாமல் வராதே" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். பல வருடங்களாக வீட்டுத் தோட்டத்தில் இவற்றோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. குளிர் போதாமல் போன செடிகளைவிட, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் ஈரம் தங்கி அழுகிப் போனவைதான் என்னிடம் அதிகம். ஆனால் ஒன்று: குளிர்காலமே இல்லாத ஊரில் இருப்பவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. பெரும்பாலான ஆல்பைன் செடிகளுக்கு வருடத்தில் சில மாதமாவது உறங்கக் குளிர் வேண்டும்.

மரம் வளரும் எல்லைக்கு மேலே செடி மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடக்கிறது. வெளியே மைனஸ் 20 டிகிரி என்றாலும், கனத்த பனிக்குக் கீழே 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே உறைந்து கிடப்பதால் மேலிருந்து சொட்டு விழாது. பனி உருகும்போது தண்ணீர் ஏராளம்தான், ஆனால் சரிவிலும் கல்லிடுக்கிலும் நிற்காமல் ஓடிவிடும். தாழ்நிலத்தில் எல்லாம் தலைகீழ். குளிர்காலம் முழுக்க நசநசவென்று தூறல், கோடையில் விடிய விடியப் புழுக்கம்.

இந்த இரவுப் புழுக்கம்தான் இரண்டாவது எதிரி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். 2,500 மீட்டரில் வளர்ந்த செடியைக் கீழே கொண்டுவந்தால் 16 டிகிரி வித்தியாசம். பகல் வெயிலை இவை ஓரளவு சமாளிக்கும். மலையிலேயே வெயிலும் காற்றில்லாத வேளையும் சேர்ந்தால் தரையோடு அடர்ந்து மெத்தைபோல் வளரும் செடியின் மேற்பரப்பு சுற்றுக் காற்றைவிட 10, 15 டிகிரி சூடாகிவிடும். ராத்திரி சூடு குறையாவிட்டால்தான் சிக்கல்: பகலில் சேர்த்த சர்க்கரையையெல்லாம் செடி சுவாசித்தே தீர்த்துவிடும். அதனால் காலை வெயில் முழுதாக விழுந்து, பிற்பகலில் நிழல் வரும் இடமாகப் பார்த்து வைக்கிறேன். நாள் முழுக்க நிழல் என்றால் செடி வெளிச்சம் தேடி நீண்டு, மெத்தை பிரிந்து, பார்க்கச் சகிக்காது.

லண்டனின் கியூ தோட்டத்தில் 2006-இல் திறந்த ஆல்பைன் கண்ணாடிக் கூடமும் குளிர்சாதன இயந்திரத்தை நம்பிக் கட்டியதல்ல. சூடான காற்று மேலே வெளியேறுகிறது, நிலத்தடிப் பாதைகளில் குளிர்ந்த காற்று செடிகளின் மேல் வீசுகிறது. வீட்டில் அவ்வளவு முடியாது, சரி. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் திறந்துவிட்டு, புழுக்கமான ராத்திரிகளில் ஒரு சின்ன மின்விசிறியைச் சுழலவிட்டதில் எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. செலவு செய்த பொருட்களில் இதுதான் முதலிடம்.

மண்கலவையில் பாதி கல்தான். 3 முதல் 6 மில்லிமீட்டர் ஜல்லி இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. ஜல்லியைக் கட்டாயம் சலிக்க வேண்டும்; தூசி காற்று இடைவெளியை அடைத்தால் அது கல் கலந்த சேறுதான். தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதை நம்பாதீர்கள். நுண்ணிய கலவையில் இருக்கும் தண்ணீர் பெரிய கல்லுக்கு எளிதில் இறங்காது, அதற்கு மேலேயே தேங்கி நிற்கும். அடுக்கிய உயரத்துக்கு வேரின் இடம் போனதுதான் மிச்சம். அதே கணக்கில், ஆழமில்லாத அழகுத் தட்டுகளைவிட ஆழமான தொட்டியே மேல். செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் வெறும் ஜல்லி போடுங்கள்.

தரையில் வைப்பதென்றால் செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் பரப்பிய கல்லிடுக்கு முறைதான் என் தேர்வு. தட்டைக் கற்களைச் செங்குத்தாக, பாதிக்கு மேல் புதைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நிறுத்த வேண்டும். வேர் இடுக்கு வழியே ஆழத்துக்கு இறங்கிக் குளிர்ச்சியையும் ஈரத்தையும் தேடிக்கொள்கிறது, தலை உலர்ந்தே இருக்கிறது. முதுகு ஒடியும் வேலைதான். ஆனால் கட்டி முடித்துவிட்டால், தொட்டிகளுக்குத் தேவைப்படுகிற பராமரிப்பில் கால்வாசிகூட இல்லை.

சரி, எந்தச் செடி? வெள்ளிச் சாக்சிஃப்ராகாவுக்கு முழு மதிப்பெண். அதன் இலை விளிம்பில் வரிசையாக நுண்துளைகள் உண்டு; வேர் உறிஞ்சிய சுண்ணாம்பு அவற்றின் வழியே கசிந்து, நீர் ஆவியானதும் வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். பூக்காத மாதங்களிலும் பார்க்க அழகு இது. செம்பர்விவம் இன்னும் எளிது, மறந்துவிட்டாலும் பிழைக்கும். லூயிசியாவைச் சாய்த்து, முடிந்தால் கற்சுவரின் பக்கவாட்டில் நடுங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அந்தக் குளிர்காலத்தோடு சரி.

ஜென்ஷியானா அகாலிஸ் இலை நன்றாக விடும், பூ அதன் இஷ்டம். ஒரே மண்ணில் ஒரு மூலையில் பூத்துத் தள்ளும், பக்கத்து மூலையில் வருடக்கணக்கில் பச்சைத் தரைவிரிப்பாகக் கிடக்கும். இடம் மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடைக்கவில்லை. எடல்வைஸ் விதையிலிருந்து சுலபமாக வரும், ஆனால் ஆயுசு குறைவு. உரமான மண்ணில் தண்டு நீண்டு, வெள்ளைக் கம்பளி ரோமம் மெலிந்து, படத்தில் பார்த்த செடியா என்று சந்தேகம் வரும். பட்டினி போட்டு வளர்த்தால்தான் உருப்படி. சைலீன் அகாலிஸ் மெத்தை அருமை. பூ எண்ணி நாலு.

எரிட்ரிகியம் நானத்தை மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பூவின் நீலத்தில் மயங்காதவர் இல்லை, அதைத் தாழ்நிலத்தில் நிலைக்க வைத்தவர்களும் அபூர்வம். அதற்குப் போகும் காசில் ஒரு வண்டி ஜல்லி இறக்கலாம்.

பூச்சிகளில் மோசமானது வைன் வீவில் என்கிற கூன்வண்டின் புழு. மேலே செடி லேசாக வாடின மாதிரிதான் தெரியும். விரலால் தூக்கினால் மெத்தை முழுசாகக் கையோடு வரும், அடியில் வேரே இருக்காது. மண்ணைக் கிளறினால் பழுப்புத் தலையோடு சுருண்ட வெள்ளைப் புழுக்கள். இப்படி வந்த சாக்சிஃப்ராகாவின் ரோஜாப்பூ வடிவ இலைக்கொத்துகளைத் தனித்தனியாகப் பிய்த்து ஈர மணலில் செருகினால் பெரும்பாலும் வேர்விடும், வீசிவிடாதீர்கள். அப்புறம் நத்தைகள். சோல்டனெல்லா என்ற ஆல்பைன் செடி இலையுதிர் காலத்திலேயே மொட்டை உருவாக்கி வைத்துவிடுகிறது. அதைக் குளிர்காலத்தில் நத்தை தின்றுவிட்டால், வசந்தத்தில் "ஏன் பூக்கவில்லை" என்று மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மலையிலிருந்து பிடுங்கி வருவது வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் சட்டப்படி குற்றம், வேர் அறுந்து பிழைப்பதும் இல்லை. விதை வாங்குங்கள். ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜில் 4, 5 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்து விதைத்தால் நிறைய இனங்கள் முளைக்கின்றன. ஜென்ஷியன் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மண் போட்டு மூடாதீர்கள். முதல் வருடம் ஒன்றும் வரவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். பெயர்ச்சீட்டோடு ஒரு நிழல் மூலையில், காயாமல் இன்னொரு குளிர்காலம் கிடக்கட்டும்.