குவாண்டம் புள்ளித் தொலைக்காட்சி: நிறங்கள் அருமை, கறுப்பு மட்டும் குறை

இந்தத் தொலைக்காட்சியை வாங்கத் தூண்டியவை அதன் சிவப்பும் பச்சையும்தான். பழுத்த மிளகாயின் சிவப்பு ஆரஞ்சாக வெளிறாமலும், இலைகளின் இளம்பச்சையும் கரும்பச்சையும் ஒன்றோடொன்று கலங்காமலும் திரையில் தெரிகின்றன. உள்ளே நீல எல்.இ.டி. விளக்குகளின் ஒளியை, குவாண்டம் புள்ளிகள் எனப்படும் சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்திப் படிகங்கள் உறிஞ்சி, தத்தம் அளவுக்கேற்ற நிறத்தில் திரும்ப உமிழ்கின்றன. ஒரே சேர்மம்தான், படிகம் சிறிதானால் பச்சை, சற்றுப் பெரிதானால் சிவப்பு! இத்தகைய புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகவே 2023-இல் மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகியோர் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இருண்ட காட்சிகளில் மட்டும் ஏமாற்றமே. பின்விளக்கின் ஒளி கசிவதால் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரிகிறது. வெள்ளை எழுத்துகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமும் படர்கிறது. பின்விளக்கே இல்லாமல், மின்சாரம் பாய்ந்ததும் புள்ளிகளே ஒளிரும் திரைகள் வந்தால் இக்குறை நீங்கும். ஆனால் அவற்றில் நீலப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவில் மங்கிவிடுகின்றன, அந்தச் சிதைவை முழுமையாகத் தடுக்கும் வழி இன்னும் ஆய்வுக்கூடங்களில் தேடப்பட்டே வருகிறது.

நச்சுத்தன்மையுள்ள காட்மியம் இதில் இல்லை என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது எனக்குப் பெரும் நிறைவு. மாற்றாகப் பயன்படும் இந்தியம் பாஸ்பைடு நிறத்தூய்மையில் காட்மியம் செலினைடுக்குச் சற்றுப் பின்தங்கியது என்றாலும், வீட்டுப் பயன்பாட்டுக்கு இதையே தயங்காமல் பரிந்துரைப்பேன். அரிய உலோகமான அந்த இந்தியத்தைப் பழைய திரைகளிலிருந்து எப்படி மீட்பார்கள் என்பதையும் தயாரிப்பாளர்கள் கையேட்டில் சொல்ல வேண்டும்.