அணில் படம் எடுக்க சூப்பர்ஜூமா, கழற்றி மாட்டும் லென்ஸா?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியை உரசிக்கொண்டு ஒரு முருங்கை மரம் நிற்கிறது. காலை ஆறரைக்கு மேல் வெயில் கிளையில் விழுந்ததும் அணில்கள் பூவுக்கு வந்துவிடும், ஒன்பது மணிவரை கண் முன்னேதான் இருக்கும். நான்கு வருடமாக அவற்றைப் படம் எடுக்கிறேன். முதல் மூன்று வருடம் ஒரு சூப்பர்ஜூம் கேமரா (நீண்ட ஜூம் லென்ஸ் உடலோடேயே பொருத்தியிருக்கும், கழற்ற முடியாது), போன வருடத்திலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 200டி-யும் 55-250 மி.மீ. எஸ்.டி.எம். ஜூம் லென்ஸும். இரண்டுக்கும் ஆன செலவு ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போது தயங்காமல் சொல்கிறேன்: காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடற்காற்று படுகிற இடத்தில் வீடு இருந்தால் லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவையே வாங்குங்கள். படத்தின் தரமும் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பூஞ்சை. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் பார்ப்பது ஜூமைத்தான். நிக்கான் பி950-இல் 83 மடங்கு ஜூம், ஃபிலிம் கேமராக் கணக்கில் 2000 மி.மீ. வருகிறது. என் 55-250 அதே கணக்கில் 400-தான். எண்ணைக் கேட்டால் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது போலத் தோன்றும். ஆனால் நம் ஊர் அணில் மனிதர்களோடேயே வாழ்ந்து பழகியது, சும்மா அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரண்டு மீட்டருக்குள் வந்து தின்னும். பி950-ஐ முழு ஜூமில் வைத்தால் 5 மீட்டராவது தள்ளியிருந்தால்தான் ஃபோகஸ் பிடிக்கும். 55-250 எந்த ஜூமில் இருந்தாலும் 85 செ.மீ. வரை பிடிக்கும். வாலை விட்டுவிட்டால் ஒரு சாண்கூட இல்லாத பிராணிக்குத் தூரத்தில் நின்று இழுப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து எடுப்பதுதான் பலன், முகத்தில் மீசை முடி ஒவ்வொன்றாக விழும்.

அப்புறம் ரோமம். சூப்பர்ஜூம்களில் பெரும்பாலானவற்றுக்கு 1/2.3 அங்குல வகை சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு), சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 200டி-யின் சென்சார் பரப்பளவில் அதைப்போல 11 மடங்குக்கு மேல். அணில் நிழலில்தான் இருக்கும், ஓயாமல் துடித்துக்கொண்டும் இருக்கும், தின்னும்போதுகூட ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் கீழே போனால் தலை கலங்கிவிடுகிறது, ஓடும்போது 1/1000 வேண்டும். மரநிழலில் அந்த வேகம் கிடைக்க ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, 1600-க்குக் கொண்டுபோயாக வேண்டும். என் பழைய கேமராவில் 1600 வைத்தால் முதுகின் மூன்று கோடுகள் தெரியும், ரோமம் தெரியாது, மெழுகு பூசின மாதிரி வழவழவென்று இருக்கும். 200டி-யில் அதே 1600-ஐ நான் யோசிக்காமல் வைக்கிறேன். ஒரு அங்குல சென்சாரும் 600 மி.மீ. வரை ஜூமும் உள்ள சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 இதில் விதிவிலக்கு, முழு ஜூமிலும் 72 செ.மீ. வரை நெருங்கலாம். நண்பருடையதை அரை நாள்தான் கையில் வைத்திருந்தேன், படங்கள் பிடித்திருந்தன, விலை நமக்கு எட்டவில்லை.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் சிப்மங்க் என்ற அணில் வகையைப் படம் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிமிடத்துக்கு ஆயிரம் படம் எடுக்கிற கேமரா வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். சிப்மங்க் கன்னப்பையில் விதையைத் திணித்துக்கொண்டு வளைக்கு ஓடிவிடும். நம் அணிலுக்கு அந்தப் பை கிடையாது. கிடைத்ததை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கேயே கொறிக்கும். அந்த ஒரு நிமிடம் போதும், 200டி-யின் விநாடிக்கு 5 படம் எனக்கு ஒருநாளும் குறைவாகத் தோன்றியதில்லை.

சூப்பர்ஜூமுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். அது சத்தமே போடாது. 200டி-யில் உள்ளே கண்ணாடி எழும்பும் ‘டக்’ சத்தத்துக்கு அணில் முதல் படத்திலேயே வாலை உதறிக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடும், அதனால் நான் திரையைப் பார்த்துத்தான் எடுக்கிறேன், அப்போது சத்தம் குறைகிறது. கீரி என்றால் கதையே வேறு. மணலிப் பக்கம் புதர் ஓரத்தில் கீரியைப் பார்த்தால் முப்பது மீட்டருக்கு உள்ளே போகவே விடாது, 400 மி.மீ.-யில் அது ஒரு பழுப்புக் கோடாகத்தான் விழும். அங்கே பழைய கேமராவை நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன். வாரா வாரம் கீரியைத் தேடிப் போகிறவர் என்றால் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

சரி, பூஞ்சைக்கு வருகிறேன். என்னுடைய சூப்பர்ஜூம் எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், மேலே சொன்னவற்றில் எதுவும் இல்லை, எதை வாங்கியிருந்தாலும் இந்தக் காற்றில் இதேதான் நடந்திருக்கும். மூன்றாவது மழைக்காலம் முடிந்து தை மாதம் எடுத்த படங்கள் எல்லாம் பனி மூடினது போல வெளிறின. கையில் இருந்த மொபைலின் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தேன். உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருந்தது.

பூஞ்சை விதை காற்றில் எப்போதும் இருக்கிறது, அதைத் தடுக்க முடியாது. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளும், உள்ளே போகும், ஒவ்வொரு தடவையும் பம்பு போல வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்றோடு ஈரமும் தூசியும் போகும். பிறகு கேமராவைத் துணிப் பையில் போட்டு பீரோவில் வைக்கிறோம், இருட்டு, அசையாத காற்று, ஈரம், பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அது வளரும்போது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அரித்த பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே ஆபத்துதான். ஐப்பசி, கார்த்திகையில் என் அறையில் இருக்கும் மீட்டர் 80-ஐத் தாண்டி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். லென்ஸை மட்டும் துடைத்துத் தர முடியாது, லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும் என்றார்கள், சொன்ன தொகை கேமரா விலையில் பாதி. பாரிமுனைப் பக்கம் மாடியில் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வேர் விட்டிருக்கு சார். பிரிக்கலாம், ஆனா திரும்ப மாட்டும்போது ஃபோகஸ் நேரா உட்காரும்னு என்னால சொல்ல முடியாது, சென்சாரும் மோட்டாரும் இதோடதான் ஒட்டியிருக்கு” என்றார். நேர்மையான மனிதர், பணம் வாங்கவில்லை. மூன்று வருடம் நான் பிள்ளை மாதிரி வைத்திருந்த கேமரா அன்றோடு முடிந்தது.

55-250-க்கு மட்டும் பூஞ்சை வராதா என்றால் வந்தது. அதுவும் ஜூம் செய்தால் நீளும், அதே காற்றைத்தான் இழுக்கும். முதல் மழைக்காலம் முடிந்ததுமே ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அதே மெக்கானிக், லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், நான்கு நாளில் 1200 ரூபாய்க்குச் சுத்தமாகக் கொடுத்தார். கேமரா உடல் வீட்டிலேயே பத்திரமாக இருந்தது. ஒருவேளை அந்த லென்ஸ் தேறவே தேறாது என்றாலும் வேறொரு பழைய 55-250 வாங்கி மாட்டினால் போதும். ஒரே காற்று, ஒரே பூஞ்சை, ஒன்றில் முழு கேமராவும் போயிற்று, இன்னொன்றில் 1200 ரூபாயோடு முடிந்தது.

விற்கும்போதும் இதே கணக்குதான் வரும். பூஞ்சை பிடித்த சூப்பர்ஜூமை உதிரிக்குத்தான் கேட்டார்கள். உடலையும் லென்ஸையும் தனித்தனியாக விற்க முடிந்தால் ஒன்று கெட்டாலும் மற்றதற்கு விலை நிற்கும்.

எதை வாங்கினாலும் பையில் வைக்காதீர்கள். நான் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு, 40-லிருந்து 50-க்குள் வைத்திருக்கிறேன். ஜெல் ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும், சூடாக்கினால் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைச் சமையல் வாணலியில் வறுக்கிற பழக்கம் வேண்டாம். மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினட் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இன்னும் நல்லது என்கிறார்கள், நான் வைத்திருந்ததில்லை.

150-600 மாதிரி பெரிய லென்ஸ்களைப் பற்றிக் கேட்டால், சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி கிட்டத்தட்ட 2 கிலோ, 2.8 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் பிடிக்காது. என் மாடியின் அகலம் அவ்வளவுதான். இரவில் வரும் மூஞ்சூறு, பெருச்சாளி, மரநாய் இவற்றுக்கு ஃபிளாஷ் வேண்டும், நான் எடுத்ததெல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய படங்கள், அதை வைத்து யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். கீழ் வீட்டு அக்கா போன மாதம், “தம்பி, மீட்டர் பெட்டிக்குள்ள அணில் தேங்காய் நாரைச் சேர்த்து வெச்சிருக்கு, குட்டி போட்டிருக்கு போல, வந்து எடு” என்று கூப்பிட்டார். அங்கே மட்டும் எந்த லென்ஸோடும் நான் போகவில்லை, தாய் பயந்து கூட்டை விட்டுவிட்டால் குட்டிகள் பிழைக்காது. குட்டிகள் தானாக வெளியே வந்து சுவரில் ஏறிய அன்று மாடிப்படியில் உட்கார்ந்து எடுத்தேன், 1/800, ஐ.எஸ்.ஓ. 1600, மூன்று மீட்டர் தூரம்.